ஐயத்தின் மீது அமைந்த அரியணை
கிரீஷ் கார்னாடின் ‘துக்ளக்’ நாடகம் குறித்து

திண்டுக்கல்லிலிருந்து தேனிக்குச் செல்லும் பெருவழியும் பழனியிலிருந்து நிலக்கோட்டைக்குச் செல்லும் வழியும் கூடுமிடம் செம்பட்டி. நாற்றிசைப் பேருந்துகளும் நின்று போகும் அக்கூட்டுச் சாலையின் தேநீர்க் கடைகளில் சற்று நேரம் நின்றால், “இது என்ன துக்ளக் தர்பாரா?” என்னும் சொல் காதில் விழாமற் போவது அரிது. நேற்று ஓர் உத்தரவு, இன்று அதற்கு நேர்மாறான உத்தரவு என்றால் மக்கள் நாவில் முதலில் வருவது அப்பெயரே. 1351-ஆம் ஆண்டு சிந்து நாட்டுத் தட்டாவுக்கு அருகில் உயிர்நீத்த தில்லி சுல்தான் ஒருவரின் பெயர், அவர் கால்படாத ஒரு சிற்றூரில் இன்றும் வசைச்சொல்லாகப் புழங்குகிறது. வரலாற்றை ஏட்டில் படித்தோரைவிட, அதைப் பழமொழியாகக் கேட்டோரே எக்காலத்தும் மிகுதி.

அப்பழமொழிக்குப் பின்னுள்ள மனிதரை அறிய விரும்பி, செம்பட்டியில் நண்பர்கள் சிலர் இஷாத் தொழுகைக்குப் பின் கூடி, மூன்று இரவுகளில் கிரீஷ் கார்னாடின் ‘துக்ளக்’ நாடகத்தைப் படித்தோம். 1964-இல் கன்னடத்தில் எழுதப்பெற்றது அது. ஆசிரியரே செய்த ஆங்கில ஆக்கத்தை ஒருவர் தமிழில் சொல்லச் சொல்ல, மற்றையோர் கேட்டோம். மூன்றாம் இரவு நூல் முடிந்ததும் இளைஞர் ஒருவர் மனம் பொறாமல், “ஏன் பெரியத்தா, நம்ம சுல்தானை இப்படியா மேடையில நிறுத்துறது?” என்று முதியவர் ஒருவரைக் கேட்டார். முதியவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “அவரு எப்படிப்பா நம்ம சுல்தான் ஆனாரு?” என்று திருப்பிக் கேட்டார். அவ்விரு வினாக்களையும் ஒருங்கே எதிர்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

முதற்கண் நாடகம். கார்னாட் தம் இருபதுகளில் எழுதிய இந்நாடகம் பதின்மூன்று காட்சிகளைக் கொண்டது. 1327-இல் தில்லியில் தொடங்கி, தௌலதாபாத்தில் முடிகிறது. பி. வி. காரந்தின் இந்துஸ்தானி மொழிபெயர்ப்பின் வழியே வடநாட்டு மேடைகளையும் அடைந்தது. 1970-களில் இப்ராஹீம் அல்காஸி அதனைத் தில்லியின் பழைய கோட்டை இடிபாடுகளுக்கிடையே, திறந்த வெளியில் நிகழ்த்திக் காட்டியது இந்திய நாடக வரலாற்றில் மறக்கப்படாத நிகழ்ச்சி. கன்னட மேடையில் சி. ஆர். சிம்ஹா சுல்தானாகத் தோன்றிப் பெரும்புகழ் ஈட்டினார். நாட்டு விடுதலையை அடுத்த ஆண்டுகளின் பெருங்கனவும் அதனைத் தொடர்ந்த ஏமாற்றமும் இந்நாடகத்தில் நிழலாடுவதாகப் பலரும் எழுதியுள்ளனர். அது உண்மையே. எனினும் அவ்வொரு திறவுகோலால் இந்நாடகத்தின் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட முடியாது.

நம் பகுதியின் ஊர்த்திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களைக் கண்டு பழகியோர்க்கு இதன் தொடக்கமே வியப்பளிக்கும். நம் மேடையில் ராஜபார்ட் வருமுன் ஆர்மோனியம் முழங்கும்; அரசர் தம்மைத் தாமே அறிமுகம் செய்துகொள்வார்; அவர் அரசர்தானா என்னும் ஐயம் அவையில் எவருக்கும் எழாது. அரிச்சந்திரன் அரியணையை இழந்து சுடலை காத்து நிற்கும்போதும் அவன் அரசனே என்பதில் நமக்கு மயக்கமில்லை. கார்னாடின் மேடையிலோ அரசர் தோன்றுமுன்பே கூட்டம் முணுமுணுக்கிறது. நீதிமன்ற முற்றத்தில் நிற்போர், இவர் தந்தையையும் உடன்பிறந்தாரையும் கொன்று பட்டமேறியவர் என்று பேசிக்கொள்கின்றனர். பின்னர் வரும் சுல்தான் எத்துணை அழகாகப் பேசினும், அந்த முணுமுணுப்பு நம் செவியை விட்டு நீங்குவதில்லை. அரிச்சந்திரன் வாய்மைக்காக அரியணையைத் துறந்தான். இவரோ அரியணைக்காக ஒவ்வொரு வாய்மையாகத் துறந்து வருகிறார்.

ஆகவே இந்நாடகத்தின் கரு, தலைநகரை மாற்றியதும் செப்பு நாணயம் அடித்ததும் அல்ல; அவை புறநிகழ்ச்சிகள். வந்த வழி ஐயத்துக்குரியதாகிவிட்ட ஓர் அரியணை, தன்னை நியாயப்படுத்திக்கொள்ள ஓயாமல் ஏதேனும் செய்துகொண்டே இருக்கவேண்டியதாகிறது என்பதே கரு. தந்தைக்குப் பின் அமைதியாகப் பட்டமேறியவர் சும்மா இருந்தாலும் அரசர்தான். கார்னாடின் சுல்தானுக்கு அந்த ஓய்வு கிடையாது. தாம் பேரரசர் என்பதை உலகுக்கு மட்டுமன்றித் தமக்கும் நாள்தோறும் மெய்ப்பிக்கவேண்டியவராக அவர் இருக்கிறார். பத்தாம் காட்சியில், தம் அமைச்சர் நஜீபை நஞ்சிட்டுக் கொன்ற சிற்றன்னையிடம், தந்தையையும் உடன்பிறந்தாரையும் தாம் கொன்றது உண்மையே என்றும், ஓர் இலட்சியத்தின் பொருட்டே கொன்றதாகவும் அவர் ஒப்புக்கொள்கிறார். அதன்பின் அவளைக் கல்லெறிந்து கொல்ல ஆணையிடுகிறார். இலட்சியம் என்னும் சொல் இவ்வளவு அச்சந்தருவதாக ஒலிக்கும் காட்சியை நாம் வேறு எங்கும் கண்டதில்லை.

இனி, வரலாறு என்ன சொல்கிறது? கியாஸுத்தீன் துக்ளக் 1325-இல் வங்கப் படையெடுப்பை முடித்துத் திரும்புகையில், தில்லிக்கு அருகே அஃப்கான்பூரில் அவரை வரவேற்க மரத்தாலான மண்டபம் ஒன்று எழுப்பப்பட்டது. அது சரிந்து விழுந்தது. சுல்தானும் அவருடைய மைந்தர் மஹ்மூதும் அதனடியில் மாண்டனர். விபத்தா, சூழ்ச்சியா? ஜியாவுத்தீன் பரனீ வானிலிருந்து விழுந்த இடி என்கிறார். இப்னு பதூதாவோ, யானைகள் ஒரு பக்கம் வந்தால் சரியுமாறு மண்டபம் திட்டமிட்டே கட்டப்பட்டது என்கிறார். அதற்குச் சற்று முன் தொழுகையின் பெயரால் தாம் அப்பால் அனுப்பப்பட்டதாக ஷெய்கு ருக்னுத்தீன் தம்மிடம் சொன்னதைச் சான்று காட்டுகிறார்.

இச்சான்றுகளைச் சீர்தூக்க வேண்டும். பரனீ பதினேழு ஆண்டுகள் முஹம்மது பின் துக்ளக்கின் அவையில் இருந்தவர். அடுத்து வந்த ஃபீரோஸ் ஷாவின் ஆட்சியில் செல்வாக்கிழந்து, வறுமையில் தம் வரலாற்றை 1357-இல் முடித்தவர். இப்னு பதூதா தில்லிக்கு வந்தது 1334-இல். மண்டபம் சரிந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து. இஸாமீ என்னும் மற்றொருவர் 1350-இல் தக்காணத்தின் பஹ்மனீ அரசவையில் இருந்து எழுதியவர். அவருடைய முதிய பாட்டனார் தில்லியை விட்டுத் தௌலதாபாத் செல்லும் வழியில் இறந்தவர். ஒருவரிடம் நன்றியும் அச்சமும், ஒருவரிடம் செவிவழிச் செய்தி, ஒருவரிடம் குடும்பத்துயர். இம்மூன்றையும் வைத்துக்கொண்டு தீர்ப்பெழுதுவது எளிதன்று. ஆகா மஹ்தி ஹுசைன் 1938-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் சுல்தானின் பக்கம் நின்று வாதாடினார், மறுத்தோரும் உளர்.

நாடகாசிரியர் நீதிபதியல்லர். ஐயத்தை ஐயமாகவே விட்டுவைக்க வரலாற்றாசிரியருக்குக் கடமை உண்டு. அதை உண்மையெனக் கொண்டு ஒரு மனத்தைத் துருவிப் பார்க்க நாடகாசிரியருக்கு உரிமை உண்டு. கார்னாடின் மீது நாம் வைக்கும் குறை அதுவன்று. அவர் செய்த மற்றொரு மாற்றத்தையே நாம் நின்று நோக்குகிறோம். தந்தையின் மரணம் தொழுகை நேரத்தில் நிகழ்ந்ததாக நாடகத்தில் வருகிறது. பின்னர் சையிதுகளும் அமீர்களும் கூடி, தர்பாரில் எவரும் ஆயுதமின்றித் தொழும் வேளையில் சுல்தானைக் கொல்லத் திட்டமிடுகின்றனர். சதி வெளிப்படுகிறது, சதிகாரரான ஷிஹாபுத்தீனைச் சுல்தான் தம் கையாலேயே குத்திக் கொல்கிறார், அதன்பின் நாடு முழுவதும் தொழுகைக்கே தடை விதிக்கிறார். அப்பாஸியக் கலீஃபாவின் வழித்தோன்றல் வந்தபின்னரே தொழுகை மீளும் என்கிறார். நடந்த வரலாற்றில் நிறுத்தப்பட்டவை ஜும்ஆவும் பெருநாள் தொழுகைகளுமே. கலீஃபாவின் ஒப்புதல் இன்றிப் பட்டமேறியது செல்லாதோ என்னும் உறுத்தல் காரணமாக, கெய்ரோவிலிருந்த அப்பாஸியக் கலீஃபாவுக்குத் தூதனுப்பி, 1344-இல் ஒப்புதல் பெற்றார் சுல்தான். தம் பெயரை விடுத்துக் கலீஃபாவின் பெயரை நாணயங்களில் பொறித்தார். ஐயத்தின் மீது அமைந்த அரியணைக்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டுமோ?

இளைஞரின் மனம் புண்பட்டது இத்தொழுகைக் காட்சிகளில்தான். புண்படுவது இயல்பே. ஆயினும் சற்றே நிதானித்து நோக்குமாறு வேண்டுகிறோம். தொழுகையில் சிந்தப்பட்ட இரத்தம் நம் நினைவுக்குப் புதிதன்று. இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் 644-இல் மதீனாவில் வைகறைத் தொழுகையில் குத்துண்டார்கள். நான்காம் கலீஃபா அலீ (ரலி) அவர்கள் 661-இல் கூஃபாப் பள்ளியில் வெட்டுண்டார்கள். அதன்பின் கலந்தாய்வால் அமைந்த தலைமை தந்தைக்குப் பின் மைந்தர் என்னும் முடியாட்சியாக மாறியதையும், அதன் விளைவு 680-இல் கர்பலாவில் முடிந்ததையும் நாம் அறிவோம். அரியணைப் பூசல் எத்தகையது, அது தொழுகையின் மீது எப்படி நிழல் வீழ்த்தும் என்பதை எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டுவதில்லை. சொல்லப்போனால், கன்னடத்தில் இந்நாடகத்தை முதலில் படித்த பிற சமயத்தவரைவிட அதன் உள்ளாழத்தை உணரத் தகுதியுடையோர் நாமே. தொழுகையைத் தந்திரமாக்கியவன் பின்னர்த் தொழமுடியாதவனாகிறான் என்னும் உண்மையை கார்னாட் அறிந்து எழுதியிருக்கிறார். நாடகத்தின் இறுதியில் சுல்தான் களைத்து உறங்க, பாங்கு ஒலிக்கிறது. விழித்தெழும் அவருக்குத் தாம் எங்கிருக்கிறோம் என்பதே புலப்படவில்லை. அழைப்பு வருகிறது, செல்வதற்கு அவருக்குக் கால்கள் இல்லை. இது தொழுகையை இழிவுபடுத்தும் காட்சியா? தொழுகையை இழந்தவனின் வறுமையைக் காட்டும் காட்சி என்றே நாம் கொள்கிறோம்.

நம் உண்மையான குறை வேறோரிடத்தில் உள்ளது. நாடகத்தில் ஷெய்கு இமாமுத்தீன் என்னும் பெரியார் வருகிறார்; உருவத்தில் சுல்தானை ஒத்தவர். சுல்தானை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசும் அவரைச் சுல்தான் நயமாகப் பேசி, அமைதித் தூதராக அரச உடையில் போர்க்களம் அனுப்புகிறார். பகைவர் அவரையே சுல்தான் எனக் கருதிக் கொன்றுவிடுகின்றனர். மேடையில் இது விறுவிறுப்பான சூழ்ச்சி. ஆனால் வாய்மை பேசும் மார்க்க அறிஞரை இங்கே ஆசிரியர் ஏமாளியாக்கிவிடுகிறார். வரலாற்றில் இருந்தவரோ வேறு. இப்னு பதூதா எழுதும் ஷெய்கு ஷிஹாபுத்தீன், சுல்தானைக் கொடுங்கோலர் என்று சொன்னவர். சொன்னதைத் திரும்பப் பெறுமாறு வற்புறுத்தியும் மறுத்தவர். பதினான்கு நாள் உணவின்றி வதைக்கப்பட்டு, இறுதியில் தலை கொடுத்தவர். அவரைச் சென்று கண்ட குற்றத்திற்காக இப்னு பதூதாவுக்கே காவல் போடப்பட்டது. அந்நாள்களில் அவர் நோன்பிருந்து, இறைவனே போதுமானவன் என்னும் பொருளுடைய திருவசனத்தை ஒரே நாளில் முப்பத்து மூவாயிரம் முறை ஓதியதாக எழுதுகிறார். சூழ்ச்சிக்குள் விழாத ஒருவரின் முன்னால் சூழ்ச்சியே உருவான ஓர் அரசரை நிறுத்தியிருந்தால், எத்தகைய காட்சி கிடைத்திருக்கும்! கார்னாட் அதைத் தவறவிட்டார். அதனால் அவருடைய மேடையில் இறைநம்பிக்கையாளர் ஏமாந்தவராகவோ சதிகாரராகவோ மட்டுமே எஞ்சுகின்றனர். நேர்நின்று மறுக்கும் ஒருவர் இல்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்புபவன் அஸீஸ். சலவைத் தொழிலாளியான அவன், பிராமணராக வேடமிட்டுச் சுல்தானின் மீதே வழக்குத் தொடுத்து வெல்கிறான்; அரசுப் பணியில் அமர்கிறான்; முடிவில் அப்பாஸிய வழித்தோன்றலையே கொன்று, அவர் உடையில் வந்து சுல்தானை ஆசீர்வதிக்கிறான்! உண்மை வெளிப்பட்டபின்னும் சுல்தானால் அவனைத் தண்டிக்க இயலவில்லை, பதவியே கொடுக்கிறார். வேடத்தால் அரியணை ஏறியவர், மற்றொரு வேடக்காரனை எந்த வாயால் கண்டிப்பார்? நாடகத்தின் கூரிய அறம் இவ்விடத்தில்தான் இருக்கிறது.

தமிழ் மேடை இதே பெயரை எடுத்துக்கொண்ட விதத்தையும் ஒருவரி சொல்லவேண்டும். 1968-இல் சோ அரங்கேற்றிய ‘முகம்மது பின் துக்ளக்’ 1971-இல் திரைப்படமாகவும் வந்தது. துக்ளக்கும் இப்னு பதூதாவும் கல்லறையிலிருந்து எழுந்து வந்ததாகச் சொல்லி, அன்றைய அரசியலை எள்ளி நகைத்த நாடகம் அது. அதில் சுல்தான் ஒரு முகமூடி. அம்முகமூடிக்குள் இருந்த மனிதரைத் தேடுவது அதன் நோக்கமன்று. ஆகவே இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது முறையாகாது. எனினும், தேநீர்க் கடைப் பழமொழிக்குத் தமிழ்நாட்டில் புத்துயிர் அளித்ததில் அந்நாடகத்துக்குப் பங்குண்டு என்பதை மறுக்க முடியாது.

இனி, முதியவரின் வினாவுக்கு வருவோம். அவர் எப்படி நம் சுல்தான் ஆனார்? செம்பட்டியிலிருந்து பேருந்தேறினால் மதுரை தொலைவன்று. துக்ளக்கின் பெயரால் மதுரையை ஆண்ட ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா ஏறத்தாழ 1335-இல் தம்மைத் தனியரசர் என அறிவித்தார். அவரை ஒடுக்கத் தெற்கே புறப்பட்ட சுல்தானின் படை வாரங்கல்லில் கொள்ளைநோயால் அழிந்து திரும்பியது. பின்னர் மதுரையில் நடந்ததைப் பாருங்கள். அஹ்ஸன் ஷா ஐந்தாண்டளவில் தம் அமீர் ஒருவரால் கொல்லப்பட்டார். அடுத்தவர் ஓராண்டில், போர்க்களத்தில் நீரருந்தத் தலைக்கவசத்தை நீக்கிய வேளையில் எவரோ எய்த அம்புக்கு இரையானார். அவருடைய மருமகன் நாற்பது நாள் ஆண்டு கொல்லப்பட்டார். அடுத்து வந்தவர் கியாஸுத்தீன் தாமகானி. அவருக்குப் பின் வந்த நாஸிருத்தீன், முன்னவரின் மகளை மணந்திருந்த தம் அத்தை மகனைக் கொன்று, அவ்விதவையைத் தாமே மணந்தார். தில்லியில் ஓர் ஐயம். மதுரையிலோ ஐயத்துக்கே இடமில்லை.

இவையனைத்தையும் எழுதி வைத்தவர் யார்? பகைவரல்லர். அஹ்ஸன் ஷாவின் ஒரு மகளை மணந்தவரும், அவ்வழியே கியாஸுத்தீனுக்குச் சகலையுமான இப்னு பதூதாவே. 1344-ஐ ஒட்டி இலங்கையிலிருந்து வந்து இக்கரையில் ஒதுங்கிய அவர், சுல்தானின் பாசறையில் விருந்தினராக இருந்தார். சிறைப்பட்ட ஆடவரையும் பெண்டிரையும் குழந்தைகளையும் சுல்தான் கொல்வித்ததை நேரில் கண்டார். வேறெந்த அரசரும் செய்யத் தாம் அறியாத இழிசெயல் என்றும், இதனாலேயே இறைவன் அவர் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் எழுதினார். முதியவரான போசள மன்னர் வீர வல்லாளர் பிடிபட்டுக் கொல்லப்பட்டு, அவர் தோலில் வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிடப்பட்டதையும் மறைக்காமல் எழுதினார். பின்னர் மதுரையில் கொள்ளைநோய் பரவியபோது காய்ச்சலில் விழுந்து, இம்மண்ணில் மலிந்த புளியைக் கரைத்துக் குடித்து உயிர் பிழைத்தார். நம் நாட்டுப் புளி காத்த அக்கைதான் நம் நாட்டுக் கொடுங்கோன்மையையும் எழுதி வைத்தது.

விருந்துண்டார், உறவு கொண்டார், ஆனால் பொய் எழுதவில்லை. காழியாக அமர்ந்து தீர்ப்பு வழங்கிப் பழகிய ஒருவரிடம் நாம் கற்கவேண்டியது இதுவே. ஒரு முஸ்லிம் அரசரைக் குற்றங்கூறுவது மார்க்கத்தைக் குற்றங்கூறுவதாகாது என்பது பதினான்காம் நூற்றாண்டுக் காழிக்குத் தெரிந்திருந்தது. தாம் தவறினால் திருத்துமாறு மக்களைக் கேட்டுக்கொண்டே பதவியேற்ற முதல் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்களின் மரபு அது. அம்மரபை விட்டுவிட்டு, முடிசூடிய ஒவ்வொருவருக்கும் வழக்கறிஞராக நாம் மாறுவது எதனால்? பிறர் அவ்வரசர்களின் பெயரால் நம்மை வசைபாடுவதால் என்பதை அறிவோம். அந்த வலி பொய்யன்று. ஆனால் அதற்கு மருந்து, அரசர்களை வெள்ளையடிப்பதன்று. அவர்கள் வேறு, நாம் வேறு என்பதைத் தெளிவாகச் சொல்வதே. திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொட்டிகளிலும் சந்தைக் கடைகளிலும் கைபதித்து வாழ்ந்தோரின் மக்கள் நாம். நம் பாட்டன்மார் எந்த அரியணைக்கும் உரிமை கோரியவரல்லர். அரசர் தம் கொடுமைக்கு வரிகேட்டபோது கொடுத்தவர்களின் வரிசையில்தான் அவர்கள் நின்றிருக்க வேண்டும்.

நம் முன்னோர் நாடகத்தை அறியாதவருமல்லர். ‘அலிபாதுஷா நாடகம்’, ‘அப்பாசு நாடகம்’, ‘லால் கௌகர் நாடகம்’ எனத் தமிழ் முஸ்லிம்களுக்கு ஒரு நாடக மரபே இருந்தது. பாதுஷாக்கள் அலைந்து திரிந்து, துயருற்று, இறுதியில் முடிபெறும் கதைகள் அம்மரபில் பாடப்பெற்றன. அதில் வந்த ஒருவர் இன்று மதுரையின் அந்த நாற்பதாண்டு அரசுக் கதையை எடுப்பாரானால், இப்னு பதூதாவையே கட்டியங்காரனாக நிறுத்தலாம். அரியணையின் பக்கத்தில் அமர்ந்து உண்டபடியே அதன் மேல் படிந்த இரத்தத்தைப் பார்க்கும் ஒருவரின் மனப்போராட்டம் எந்நாட்டு மேடைக்கும் ஏற்ற பொருள். கார்னாட் தவறவிட்ட காட்சியை, நேர்நின்று மறுப்பவரின் காட்சியை, எழுதும் பொறுப்பு நம்முடையதே. சினமுற்ற இளைஞருக்கு நாம் தரும் மறுமொழி இது: இந்நாடகத்தைத் தடுக்கவேண்டாம், இதைவிட உண்மையான நாடகத்தை எழுதுங்கள்.

இறுதியாக ஒன்று. 2019-இல் மறைந்த கார்னாடுக்கு நம் மொழியில் பலரும் புகழுரை சூட்டினர். அவருடைய சுல்தானை நாம் முழுதும் ஏற்கவில்லை. ஆயினும் அவர் தேநீர்க் கடைப் பழமொழியை உடைத்து, அதனுள் உறக்கமிழந்த மனிதர் ஒருவர் இருப்பதைக் காட்டினார். அதற்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். மூன்றாம் இரவு படிப்பு முடிந்து நாங்கள் கலைந்தபோது நேரம் கடந்திருந்தது. சில நாழிகையில் ஃபஜ்ருப் பாங்கு ஒலிக்கும். அதைக் கேட்டு எழுந்து, தாம் எங்கிருக்கிறோம் என்பதை அறிந்து, தடையின்றிப் பள்ளிக்கு நடந்து செல்லும் பேறு, எளிய மனிதராகிய நமக்கு உண்டு. அரியணையில் இருந்த அவருக்கு, அந்நாடகத்தில், அது இல்லை.